நூதனசாலையில் ஒரு முகத்துவாரம்

பழைய சாமான்கள் வைத்திருக்கும் இடத்துக்கு இலங்கையில் நூதனசாலை என்று பெயர். நூதனம் என்றால் புதுமை. உடைந்த பானையையும் துருப்பிடித்த வாளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதைப் புதுமைச்சாலை என்று யார் முதலில் அழைத்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லால் எனக்கு ஒரு வருடம் முழுக்க வேலை வந்தது.

மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் ஊரின் பழைய நெற்களஞ்சியத்தில், நவீன ஓவிய நூதனசாலை ஒன்று திறந்திருக்கிறது என்று செய்தி போனபோது, 'நவீன ஓவியம்' என்பது வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. மிச்சச் சொல்லை மட்டும் கேட்ட சனம் வீட்டில் கிடந்த பழைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. முதல் கிழமையே செங்கலடிப் பக்கமிருந்து ஒருவர் பஸ்ஸில் ஒரு கல்லுரலைக் கொண்டுவந்தார். கொண்டக்டரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலில் இறக்கினார்கள். "நூறு வருசத்துச் சாமான் தம்பி. பேர எழுதி வையுங்க" என்றார். இது அந்த மாதிரி நூதனசாலை இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. உரலைத் திருப்பித் தூக்க ஆளில்லை. அது இன்றைக்கும் வாசலில்தான் இருக்கிறது. உள்ளே வருகிற சிலர் அதுதான் முதலாவது கலைப்படைப்பு என்று நினைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அகற்றிவிடலாமா என்று எங்கள் பணிப்பாளரிடம் கேட்டேன்.

"ஏன்? நல்லாத்தானே பாக்கிறாங்க" என்றார்.

பணிப்பாளர் ஏறாவூர்க்காரி. வயது முப்பத்தைந்து இருக்கும். கொழும்பில் ஓவியம் படித்து, சில வருடம் வெளிநாட்டில் ஒரு பெரிய ஓவியக்கூடத்தில் வேலை செய்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தவர். நாங்கள் மிஸ் என்போம். ஊர்ச்சனமும் மிஸ் என்றுதான் சொல்லும், சில வயதானவர்கள் மட்டும் புள்ள என்பார்கள். கட்டிடம் கிராம அபிவிருத்திச் சங்கத்துடையது. களஞ்சியத்தில் நெல் வைப்பதை விட்டு நெடுநாளாகியிருந்தது. ஒரு வருடத்துக்கு நடத்திப் பாருங்கள், வருடம் முடியப் பொதுக்கூட்டம் கூடி முடிவெடுப்போம் என்று சங்கம் இடம் கொடுத்திருந்தது. முடிவு இரண்டில் ஒன்றுதான்: நூதனசாலை தொடர்ந்து இருக்கும், அல்லது அந்த இடம் கல்யாண மண்டபமாகும். மிஸ் இருந்த வேலையை விட்டுவிட்டு, தெரிந்த ஓவியர்களிடமெல்லாம் கேட்டு முப்பது படங்களை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மண்டபமானால் முப்பதையும் பொதிகட்டித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எனக்கு மாமா. மேற்கே கரடியனாற்றுப் பக்கத்திலும் ஆற்றோரத்திலும் அவருக்கு வயல் இருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் ஒரு வயல்வட்டை முழுக்க எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் பாய வேண்டுமென்பது அவருக்கு மனப்பாடம். அவருக்கு எங்கள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. மண்டபம் வேண்டுமென்று கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரில் ஒரு கல்யாணம் என்றால் எல்லாரும் வாகனம் பிடித்து நகரத்து மண்டபத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அவருடைய மகளுக்கும் ஆவணியில் கல்யாணம். எப்போதாவது நூதனசாலைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். "ஒண்டும் விளங்கல்ல மருமகன்" என்பார். போய்விடுவார்.

என்னுடைய வேலை அந்த விளங்காமையைத் தீர்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான். அப்பா ஆற்றில் மீன் பிடிப்பவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அம்மாவும் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டப் பழகிய நாளிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடதாசியும் என் கைக்குத்தான் வந்தது. கரண்ட் பில், ஆஸ்பத்திரித் துண்டு, கிராம சேவகர் அனுப்பிய அறிவித்தல், பக்கத்து வீட்டுக்குக் குவைத்திலிருந்து வந்த கடிதம். "வாசிச்சுச் சொல்லு மனே" என்று அப்பா எதிரில் குந்துவார். நான் வாசித்து, அதன் அர்த்தத்தையும் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து, இங்கே வழிகாட்டியாக வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று அப்பாவுக்குச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. படம் காட்டுகிற வேலை என்றேன். "தியேட்டரா?" என்றார். இல்லை, மாட்டியிருக்கிற படம் என்றேன். சந்தியில் யாராவது கேட்டால் "மகன் கச்சேரியில" என்று, அரசாங்க உத்தியோகம் போல, சொல்லிக்கொண்டு திரிந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

திறந்த மூன்றாவது கிழமை, கரடியனாற்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். காலமாகிவிட்ட மாமனாரின் பெற்றோல்மக்ஸ் லாம்பைச் சீலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"இத எங்க தம்பி வைக்கப்போறீங்க? வாசலுக்குக் கிட்ட வையுங்க. அப்பதான் வாற ஆக்கள் காணுவாங்க."

"அக்கா, இது பழைய சாமான் வைக்கிற இடமில்ல."

"நூதனசாலையெண்டு போட்டிருக்கு?"

"ஓம்."

"நூதனசாலையில பழைய சாமான் வைக்காம வேற என்னத்த வைக்கிற?"

அப்போது மிஸ் உள்ளேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி உடையாம வைச்சிருக்கிறீங்களே அக்கா. இருங்க. ஒள்ளுப்பம் இருந்துபோட்டுப் போங்க" என்று, கதிரையை ஒரு படத்துக்கு முன்னால் போட்டார். சிவப்பும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கிற படம் அது. அக்கா லாம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நெருப்பா புள்ள இது?"

"நெருப்பு மாதிரியா கிடக்கு உங்களுக்கு?"

"நெருப்பெண்டா இப்பிடிக் கீழ கறுத்திருக்கும். இது கீழதான் கூடச் சிவப்பு. மேல போகப் போகத்தான் ஆறுது." கொஞ்சம் முன்னால் குனிந்தார். "அடுப்ப அணைச்சுப்போட்ட பிறகு தணல் கிடக்கும், அந்த மாதிரி."

அதற்குப் பிறகு கால் மணித்தியாலம் அவர்தான் பேசினார். மிஸ் கேட்டது மொத்தமாக நாலு கேள்வி இருக்கும். லாம்பு திரும்ப அவரோடு வீட்டுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை, லாம்பு இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நான் பிழை விட்டேன். மிஸ் வெளியே போயிருந்தார். பெண்கள் எல்லாரும் நெடுக்குக் கோடுகள் நிறைந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இது உன்ட மருமகள் காயப்போட்ட மிளகாய் கா" என்று ஒருவர். "போகா, மிளகாயெண்டா மணக்கோணும்" என்று இன்னொருவர். நான் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினேன். இது அரூப ஓவியம் என்றேன். உருவங்களை விட்டுவிட்டு நிறத்தாலும் கோட்டாலும் மட்டும் பேசுகிற முறை, இதில் வெளியும் தாளமும்தான் முக்கியம், இந்தக் கோடுகள் மனித மனத்தின் தனிமையைக் குறிக்கின்றன என்றேன். படித்ததை எல்லாம் சொன்னேன். அவர்கள் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்று கேட்டார்கள்.

"ஓ, அப்பிடியா சேர்" என்றார் லாம்புக்கார அக்கா. முதல் தரம் வந்தபோது என்னைத் தம்பி என்றவர்.

பத்து நிமிடத்தில் எல்லாரும் போய்விட்டார்கள்.

மிஸ் வந்ததும் பெருமையாகச் சொன்னேன், எட்டுப் பேருக்கு விளங்கப்படுத்தினேன் என்று. அவர் முழுவதையும் கேட்டார். யார் என்ன சொன்னார்கள், மிளகாய் என்றது யார், மணக்கவேண்டும் என்றது யார் என்று விசாரித்தார். பிறகுதான் சொன்னார்.

"நீங்க சொன்னதில ஒரு பிழையும் இல்ல. ஆனா அவங்க கதைச்சுக்கொண்டு நிண்டாங்க. நீங்க வந்ததும் நிப்பாட்டிட்டாங்க."

ஏசவில்லை. தேநீர் ஊற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க அந்த 'ஓ, அப்பிடியா' காதில் விழுந்துகொண்டே இருந்தது. அப்பாவின் தலையாட்டலும் இதே மாதிரிதானா என்று ஒரு நினைப்பு வந்தது. மின்சார சபை அனுப்பும் கடிதத்துக்கு அர்த்தம் சொல்லத்தான் வேண்டும். மிளகாய் என்று சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் எதைச் சொன்னேன்?

மிஸ்ஸும் பிழை விட்டிருக்கிறார். அதை எழுதாமல் விட்டால் அவருக்கே பிடிக்காது. திறந்த புதிதில், கொழும்பில் செய்வது போல ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு கூர்மையான மின்விளக்கு. காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டு. சாமான் கொண்டுவந்தவர்களைத் தவிர யாரும் வரவில்லை. ஒரு மாதம் அவர் வாசலில் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டில் யார் எந்த நேரம் போகிறார்கள் என்று கொப்பியில் குறித்தார். மீன்காரர்கள் வலை இழுத்து மீனைக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்குச் சும்மா இருக்கிறார்கள். வயலுக்குப் போகிறவர்கள் நாலு மணிக்குப் பிறகுதான் ஆறுதலாக நடக்கிறார்கள். பெண்களுக்கு மூன்று மணி. அதன்படி நேரத்தை மாற்றினார். ஒரு கிழவர் "கண் கூசுது புள்ள, ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்றபோது விளக்குகளை அணைத்துவிட்டு, நெல்மூட்டை ஏற்றி இறக்க வைத்திருந்த பெரிய பின்கதவைத் திறந்துவிட்டார். ஆற்றில் பட்ட வெயில் திரும்பிவந்து சுவரெல்லாம் மெதுவாக அசைந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஓர் ஓவியர் தன்னுடைய படத்தையே அடையாளம் தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன். 'தொடாதீர்கள்' என்ற பலகைகளையும் கழற்றினார். கதிரைகளைப் படங்களுக்கு முன்னால் போட்டபிறகு யாரும் தொடவில்லை; உட்கார்ந்தவர்களுக்குப் படம் கையெட்டாத தூரத்தில் இருந்தது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

இனிப் பெரிய படத்துக்கு வருகிறேன்.

பின்கதவுக்கு எதிர்ச் சுவரில் அது இருந்தது. ஆறடி உயரம், பத்தடி அகலம். மேலே கடும் நீலம். கீழே பச்சையும் சாம்பலும் கலந்த வேறொரு நீலம். நடுவில் கரையிலிருந்து கரைக்கு மண்ணிறத்தில் ஒரு பட்டை, கத்தியால் வழித்து வழித்துப் பூசியது. அந்தப் பட்டைக்குள் கீழேயிருந்து மேல்நோக்கி வெள்ளையாக ஒரு கீற்று. அவ்வளவுதான். இந்தப் படத்தின் விசேஷம் என்னவென்றால், கிட்ட நின்று பார்த்தால் அந்த வெள்ளைக் கீற்று மேல் நீலத்தைத் தொடாமல் ஒரு விரலளவு முன்னால் நின்றுவிடும். தூர நின்று பார்த்தால் போய்ச் சேர்ந்துவிடும். கீறியவர் ஒரு பெண். பெயர் எழுதினாரே தவிரப் படத்துக்குத் தலைப்பு வைக்கவில்லை. ஆனால் படத்தோடு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அதில் என்ன நினைத்து வரைந்தார் என்று இருந்தது. கடிதத்தைப் பிரித்து வாசித்தவன் நான். பிறகு மிஸ் வாசித்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்தார். அதில் இருந்ததை இங்கும் எழுதமாட்டேன். ஆறுமில்லை, மணலுமில்லை என்பதை மட்டும் சொல்லலாம். அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னதும் நான்தான். அது மாமா காதுக்கும் போயிருந்தது.

வருடம் முடிந்தது. பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். வழமையாகப் பள்ளிக்கூடத்தில்தான் கூட்டம். மிஸ் மாமாவிடம் போய், இந்தத் தடவை நூதனசாலையிலேயே வையுங்கள், கதிரையெல்லாம் இருக்கிறது என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெளியே எங்காவது கூடினால் இரண்டு பேராவது எங்களுக்காகப் பேசுவார்கள். இங்கே கூடினால் எல்லாருக்கும் மண்டபத்தின் அகலம்தான் கண்ணில் படும், மணவறையை எங்கே வைக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதை மிஸ்ஸிடம் சொன்னேன்.

"பாக்கட்டும். முடிவெடுக்கிற ஆக்கள் பாத்துப்போட்டு எடுக்கிறதுதானே நியாயம்" என்றார். ஆனால் அன்று கதிரைகளை அவர் மூன்று தரம் எண்ணியதை நான் கண்டேன்.

அறுபது எழுபது பேர் வந்தார்கள். பாதி வயல்காரர், பாதி மீன்காரர், பெண்கள் ஒரு பக்கமாக. மாமா பின்கதவுப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்தார். அப்பாவும் வந்திருந்தார். அதுதான் அவர் முதல் தடவை உள்ளே வந்தது. கடைசி வரிசையில், பெரிய படத்துக்குக் கீழே, சுவரோரமாக ஒரு கதிரையில் ஒட்டிக்கொண்டார். வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு எந்தக் கூட்டத்திலும் உண்டு.

மாமா எழும்பினார். "இந்தப் பிள்ளையில எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு வருசமா இந்த இடத்தக் கண் மாதிரி வைச்சிருக்கிறா. கூரை ஒழுகினதைத் திருத்தினா. பாம்பு இருந்த இடம் இது, தெரியும்தானே? அதெல்லாம் ஓம். ஆனா உள்ளதச் சொல்லோணும். எங்களுக்கு ஒண்டும் விளங்கல்ல. விளங்காததுக்கு இவ்வளவு பெரிய இடத்தை..." என்று நிறுத்தி, மிஸ்ஸைப் பார்த்தார். "நீங்க ஏதும் கதைக்கிறெண்டா கதையுங்க மிஸ்."

மிஸ் நிறையப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். நான் அவருக்காக ஒரு பேச்சே எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் எடுக்கவேயில்லை.

"நான் கதைக்கல்ல. ஒரு உதவி செய்யுங்க. கதிரையைத் திருப்பிப்போட்டு, பத்து நிமிசம் அந்தப் படத்தைப் பாருங்க. மறுகா கையத் தூக்குங்க."

கதிரைகள் கிறீச்சிட்டன. எல்லாரும் திரும்பினார்கள். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. முன்னால் மேசையில் இருந்த மாமா இப்போது எல்லாருக்கும் பின்னால். கடைசி வரிசையில் ஒளிந்திருந்த அப்பா, எல்லாருக்கும் முன்னால், படத்துக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு.

காற்றாடி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்துவாய்" என்றார் அப்பா. யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

எங்கள் பக்கத்துக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மாரியில் ஆறு நிரம்பும்போது, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் முகத்துவாரத்தில் கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிட வேண்டும். அதைத்தான் ஆத்துவாய் வெட்டுவது என்போம். கெதியாக வெட்டு, வயல் அழுகுது என்பார்கள் வயல்காரர். பொறு, இப்ப வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போயிடும் என்பார்கள் மீன்காரர். எனக்கு நினைவு தெரிந்த ஒவ்வொரு மாரியிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது.

"ஓம், ஆத்துவாய்தான்" என்றார் மாமா பின்னாலிருந்து. "வெட்டிக் கிடக்கு."

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "யார் சொன்ன வெட்டினதெண்டு? கண்ணத் துடைச்சுப்போட்டுப் பாருங்க மச்சான். மேல போய்ச் சேரல்ல."

"வெள்ளையாத் தண்ணி பாயுது, தெரியல்லையா? வெட்டினாத்தான் அப்பிடிப் பாயும்."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் வெட்டினதுதான். ரெண்டு துளி விழுந்தா வெட்டு வெட்டெண்டு கத்துற ஆக்கள்."

"கத்தாம? வெள்ளாமை அழுகினா நீங்க எங்க போய் அரிசி வாங்குவீங்க?"

"கடையில."

மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. மீன்காரர் ஒருவர் எழுந்து போய்ப் படத்துக்கு ஒரு முழத் தூரத்தில் முகத்தை வைத்தார். "கீழ்த் தண்ணியின்ட நிறத்தப் பாருங்க. மாறல்ல. கடல்தண்ணி உள்ள வந்தா இந்தப் பச்சை நிக்குமா? அப்ப வெட்டல்லத்தானே?" வயல்காரர் பக்கமிருந்து ஒருவர், அதோ இடது மூலையில் பச்சை வெளிறத் தொடங்கிவிட்டது, பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும் என்றார். பெண்கள் பக்கமிருந்து ஒருவர், "வெட்டவும் இல்ல, வெட்டாமலும் இல்ல. இது வெட்டிக்கொண்டிருக்கிற நேரம். மண்வெட்டி இன்னும் அடுத்த கரைக்குப் போகல்ல" என்றார். நான் நாலு வருடம் நுண்கலை படித்தவன். அந்த இடது மூலை வெளிறியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மிஸ் சத்தத்துக்கு நடுவில் வந்து, "ஒரு வேலை செய்யுங்க. மச்சான்மார் ரெண்டு பேரும் இடம் மாறி இருங்க" என்றார். அப்பா வெட்கப்பட்டார். யாரோ தள்ளிவிட்டார்கள். அப்பா பின்னால் போய் மாமாவின் தலைவர் கதிரையில் உட்கார்ந்தார். மாமா முன்னால் வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த ஒரு விரலளவு மண்ணிறம் அவர் கண்ணில் பட்ட கணம் எனக்குத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மச்சான், பேச்சைக் காணல்ல?" என்று அப்பா பின்னாலிருந்து கேட்டார்.

"நீ சொல்லு, அங்கயிருந்து என்ன தெரியுது?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். "இஞ்சயிருந்து பாத்தா... வெட்டின மாதிரித்தான் கிடக்கு. ஆனா வெட்டல்ல."

மறுபடி சிரிப்பு. மாமா நிமிர்ந்து, கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "சரி, சண்டை என்னத்துக்கு? படிச்ச பிள்ளை இருக்குதானே. மருமகன், இஞ்ச வா. கீறின ஆள் கடிதம் போட்டிருக்கிறாவாம். நீதானே வாசிச்ச? சொல்லு. வெட்டினதா, வெட்டல்லையா?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அப்பாவின் முகமும். கடிதம் வரும்போது எதிரில் குந்துவாரே, அதே முகம். வாசிச்சுச் சொல்லு மனே என்று வாய் திறக்காமல் சொல்கிற முகம். அவருடைய மகனை ஊர் முழுக்க எழுப்பி நிறுத்திக் கேட்கிறது. அவர் ஆயுளில் ஒரு கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பெருமை அது.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் அப்படி நின்றார் என்று இப்போது நினைக்கிறேன். சொல்லாதே என்று ஒரு கண் காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த லேசை அவர் எனக்குத் தரவில்லை.

நான் கடிதத்தில் இருந்ததைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். எழுபது பேரும் 'ஓ, அப்பிடியா' என்பார்கள். கதிரையைத் திருப்பிப் போடுவார்கள்.

"தெரியும் மாமா" என்றேன். "சொல்லமாட்டன்."

"என்ன?"

"வாசிச்ச நான்தான். ஆனா சொல்லமாட்டன் மாமா. சொன்னா நீங்க பாக்கிறத நிப்பாட்டிடுவீங்க."

மாமா அப்பாவை நோக்கித் திரும்பினார். "கேட்டியா மச்சான்? இதுக்கோ இவனப் படிக்க வைச்ச?"

அப்பா தலைவர் கதிரையில் சாய்ந்து இருந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வாசிக்கத்தான் படிக்க வைச்சம் மச்சான். அவன் வாசிச்சிட்டான். இனி நாமதான் வாசிக்கோணும்" என்றார்.

யாரோ கைதட்டினார்கள். மாமாவுக்குக் கோபம் வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ்ஸிடம் போனார். "அப்ப அந்தக் கீறின ஆளையே கூப்பிடுங்க. நேர கேப்பம்."

"கூப்பிடுவம். மாரியில ஒருக்கா வர ஆசையெண்டு எழுதியிருக்கிறா. ஆனா வாற நேரம் படம் இந்தச் சுவரில இருக்கோணுமே."

மாமா ஒரு கணம் யோசித்தார். "மாரி வரைக்கும்?"

"மாரி வரைக்கும்."

"மாரி முடியிறதுக்குள்ள அவ வரல்லையெண்டா?"

"அடுத்த மாரியில வருவா."

மாமா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "நீங்க ஆளக் கட்டிப்போடுற ஆள் மிஸ்" என்றார். பிறகு சபையைப் பார்த்து, குரலை மாற்றிக்கொண்டு, முறையாகக் கேட்டார்: நூதனசாலை தொடர விருப்பமுள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். எல்லாக் கையும் எழவில்லை. பின்பக்கம் சிலர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், மண்டபம் உண்மையாகவே தேவைப்பட்டவர்கள். ஆனால் அதிகமான கைகள் எழுந்தன. அப்பாவின் கை எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் இடித்தார். "கையத் தூக்கன், உன்ட மகன்ட இடம்தானே."

"பொறு பொறு. நான் இதப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே கையைத் தூக்கினார்.

மிஸ் பின்கதவால் வெளியே போய், ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வந்தவுடன் கேட்டது, "அந்த இடதுமூலை வெளிறினதெண்டு சொன்னவர் யார்? அவரை இன்னொரு நாள் வரச் சொல்லோணும்" என்பதுதான். மிஸ்ஸை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வேன்.

மாமாவின் மகள் கல்யாணம் ஆவணியில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. கதிரைகள் எங்களிடமிருந்துதான் போயின.

கூட்டம் முடிந்து அப்பாவும் நானும் கரையோரமாக வீட்டுக்கு நடந்தோம். மாலை வெயிலில் தண்ணீர் சாம்பல்பச்சையாக இருந்தது, படத்தின் கீழ்ப்பாதி மாதிரி. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு மட்டும் சொல்லு மனே. வெட்டல்லத்தானே?"

"சொல்ல ஏலாப்பா."

"அம்மாக்கும் சொல்லமாட்டன்."

"ஏலா."

அவர் முகம் சுருங்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "சரி, சொல்லாத. சொல்லிப்போட்டா மறுகா என்னத்துக்கு வாறது" என்றார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். வெட்டவில்லை என்று சாட்சி சொல்ல, ஆற்றில் தன்னோடு வலை இழுக்கும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.